‘க்வைட் குட்’ என்பது பாராட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொறியியல் கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பயிற்சியில் இலக்கணத்துக்கும் உச்சரிப்புக்கும் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியையாவது அலுவலக ஆங்கிலத்தின் மறைபொருளுக்கு ஒதுக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான் சேர்ந்த முதல் ஆண்டில், என் அறிக்கையைப் படித்த லண்டன் வாடிக்கையாளர், அது ‘க்வைட் குட்’ என்றும், நேரம் கிடைத்தால் மூன்றாம் பகுதியை இன்னொரு முறை பார்க்கலாமே என்றும் பதில் எழுதியிருந்தார். பாராட்டிவிட்டார் என்று மகிழ்ந்த நான், நேரம் கிடைக்காததால் அந்தப் பகுதியைத் தொடவே இல்லை. அமெரிக்கர் எழுதியிருந்தால் அது ஏறக்குறையப் பாராட்டாகவே இருந்திருக்கும். ஆங்கிலேயர் வாயில் அது பெரும்பாலும் ‘சுமார்’ என்பதைத் தாண்டாது என்பதும், ‘பார்க்கலாமே’ என்பது கட்டளை என்பதும் அடுத்த வாரக் கூட்டத்தில்தான் எனக்கு விளங்கின.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதில் இடறியிருக்கிறார்கள். ஒரு பொருளை ‘டேபிள்’ செய்வது பிரிட்டனில் உடனே விவாதத்துக்கு எடுப்பதையும், அமெரிக்காவில் ஒத்திவைப்பதையும் குறிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது இச்சொல்லால் இரு தரப்பினருக்கும் இடையே நீண்ட வாக்குவாதம் மூண்டதைச் சர்ச்சில் தம் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

ஒன்றை அதற்குரிய சொல்லால் சொல்லாமல், தகுதி கருதி வேறு சொல்லால் சொல்வதாக நன்னூல் கூறும் தகுதி வழக்கை அறிந்த நமக்கு இவை முற்றிலும் அந்நியமல்ல. திட்டப்பணி கிடைக்காமல் காத்திருப்பதைச் சொல்லும் ‘பெஞ்ச்’ குழூஉக்குறிதான். (நான் பெஞ்சில் இருப்பதாகச் சொன்னபோது, அங்கே நாற்காலி இல்லையா என்று கேட்டார் என் தாயார்.) வேலையை விட்டு நீக்குவதை ‘லெட் கோ’ என்பதும், ஆட்குறைப்பை ‘ரைட்சைசிங்’ என்பதும் மங்கல வழக்கைப் போலவே தோன்றும், ஆனால் ‘இயற்கை எய்தினார்’ என்பது கேட்பவரின் மனத்தைக் காக்கிறது, ‘ரைட்சைசிங்’ சொல்பவரைக் காக்கிறது. இந்த வேறுபாட்டையும் மாணவர்கள் அறிய வேண்டும்.

இப்போதுள்ள கையேடுகளோ, நாயும் பூனையுமாக மழை கொட்டுவது போன்ற, அலுவலகத்தில் எவரும் சொல்லாத மரபுத்தொடர்களை மனப்பாடம் செய்யவைக்கின்றன. அவற்றுக்கு மாற்றாக, பெயர்களை நீக்கிய உண்மையான மின்னஞ்சல்களை வகுப்பில் கொடுத்து, ‘எழுதியவர் உங்களை என்ன செய்யச் சொல்கிறார்?’ என்ற ஒரே கேள்வியைக் கேட்கலாம். பணியில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் இவற்றைத் திரட்டித் தரத் தயங்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
மென்பொருள் துறை வாசகர் ஒருவர்,
தாம்பரம்.