பாசன சங்கம்: செயலாளரோட ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். போன கூட்டத்துல "அடுத்த வருஷத்துக்குள்ள தண்ணி பாஞ்சிரும்"னு மைக்குல சொன்னது நான்தான், பாயல, அதுக்கு திட்டுங்க, ஆனா ஏன்னு சொல்லிட்றேன்.

மோட்டார், பைப் வாங்குறதுக்கு முன்னாடி மண்ணுலயும் நிலத்தடி தண்ணியிலயும் உப்பு எவ்வளவுன்னு பாத்துருவோம்னு கமிட்டில முடிவாச்சு. போர் தண்ணியோட ஈசி, அதாவது உப்பு எவ்வளவுன்னு காட்டுற மின்கடத்தும் திறன், மீட்டருக்கு 1 டெசிசீமென்ஸ். 0.7க்குள்ள இருந்தா கவலையில்ல, 3 தாண்டுனா பெரிய சிக்கல், நம்மளுது நடுவுல. குடிச்சா உப்பே தெரியலயேன்னு பாதி பேரு சொன்னாங்க. ஆனா லிட்டருக்கு சுமார் 640 மில்லிகிராம் உப்பு இருக்கு, ஒரு ஹெக்டேர்ல 100 மில்லிமீட்டர் பாய்ச்சுனா 640 கிலோ உப்பை நாமளே கொண்டுபோய் கொட்றோம், பயிர் தண்ணிய குடிச்சுட்டு உப்புல முக்கால்வாசிக்கு மேல அங்கயே விட்ரும், அது வேருக்கு கீழ இறங்கி வடிஞ்சாதான் உண்டு.

மண்ணு விஷயத்துல தப்பு என்னோடது. மழை பெஞ்ச மறுவாரமே மேலாக்க ஒரு ஜாண் மட்டும் வெட்டி எடுத்துட்டேன், மழை உப்பை கீழ தள்ளியிருக்கும்னு தோணவே இல்ல. ஒரு பங்கு மண்ணுக்கு அஞ்சு பங்கு தண்ணி ஊத்தி கலக்கிப் பாத்தா ஈசி 0.6. நாலுக்கு மேல போனாதானே உவர் மண்ணுன்னு குரூப்புல சந்தோஷமா போட்டேன். அந்த நாலு, மண்ணை சேறா குழைச்சு வடிக்கிற சாறுக்கான கணக்கு, களிமண்ணுன்னா நம்ம ரீடிங்க ஏறத்தாழ ஏழு எட்டால பெருக்கணும்னு பொருளாளர் அண்ணன்தான் சொன்னாரு. பெருக்குனா நாலை தாண்டிருச்சு. போஸ்ட்டை அழிச்சேன், அதுக்குள்ள எல்லாரும் பாத்துட்டீங்க.

மறுபடி ஆகர் (கையால திருகி மண்ணு எடுக்குற துளைப்பான்) வச்சு ஒன்றரை மீட்டர் வரைக்கும் அடுக்கடுக்கா எடுக்கப் பாத்தோம். பள்ளக்காட்டுல முக்கால் மீட்டருக்கு கீழ இறுகின களி, ரெண்டு பேரு கைப்பிடியில தொங்கியும் இறங்கல. மேட்டுல கீழ வரைக்கும் உப்பு கம்மிதான். ஆனா அங்க ஒரு மூலையில எடுத்த மண்ணாங்கட்டிய மழைத்தண்ணி டம்ளர்ல அசைக்காம வச்சோம், கொஞ்ச நேரத்துல சுத்தி பால் மாதிரி கலங்கிருச்சு. அது சோடியம் வேலை, களர். அதுக்கு ஜிப்சம் உதவும். வெறும் உவருக்கு ஜிப்சம் போட்டு பிரயோஜனமில்ல, தண்ணி விட்டு அலசி வடிக்கணும், ரெண்டையும் ஒண்ணா பேசாதீங்க ப்ளீஸ். அளவு லேப் ரிப்போர்ட் வந்ததும் சொல்றேன்.

நிலத்தடி மட்டம் பாக்க ஓட்டை போட்ட பிவிசி குழாய் மூணு இறக்கியிருக்கோம். மேட்டுல 6 மீட்டர் ஆழத்துல தண்ணி, பள்ளத்துல 1.8தான். பாசனம் ஆரம்பிச்சா இது இன்னும் மேல வரும், அப்புறம் விளக்குத் திரியில எண்ணெய் ஏறுற மாதிரி மண்ணு வழியா ஏறி, தண்ணி ஆவியாகி உப்பு மட்டும் மேல நிக்கும்.

அதனால மேட்டுக்கு முதல்ல பாசனம், களர் மூலைய விட்டுட்டு. பள்ளத்துக்கு வடிகால் வெட்டாம கிடையாது. பள்ளக்காட்டுக்காரங்க கோவம் நியாயம்தான், வடிகால் எங்க போய் விழணும்ங்கிறதே இன்னும் முடிவாகல, அதை இன்னிக்கு பேசியே ஆகணும்.

வரவு செலவை பொருளாளர் படிப்பாரு. ரெண்டாவது குழாய் மூடி டிராக்டர் ஏறி உடைஞ்சிருக்கு, யாருன்னு கேக்கல, மழைத்தண்ணி உள்ள போனா ரீடிங் வீணாயிரும், இந்த வாரமே மாத்திக் குடுத்துருங்க.