அண்ணன் மணியடிக்கும் முன், தங்கை மணியடித்த பின்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது, மதிப்பெண் பற்றித்தான் எழுதியிருப்பேன் என்று நினைப்பீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. ஆனால் நான் தாமதப் பதிவேட்டிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர். பத்தாவது படிக்கும் அண்ணன் முதல் மணிக்கு முன்பே மைதானத்தில் நிற்பான். எட்டாவது படிக்கும் தங்கை பிரேயர் முடிந்த பிறகுதான் ஓடி வருவாள், பின்னல்கூட பாதியில் நிற்கும். கூப்பிட்டுக் கேட்டேன். "தண்ணி பிடிச்சு வச்சுட்டு, தம்பிய பால்வாடில விட்டுட்டு வரேன் மிஸ்." அண்ணன் கொண்டுபோய் விடக்கூடாதா என்றேன். "அவன் ஆம்பளப் பையன் மிஸ்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதுபோலச் சொன்னாள். அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை. யார் வீடு என்று தேட வேண்டாம். பதிவேட்டைப் புரட்டினால் இப்படிப் பல வீடுகள்.

போன மாதம் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர் புள்ளியியல் பாடத்துக்காக ஒரு வேலை கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யார் யார் என்ன செய்தார்கள் என்று அரைமணிக்கு ஒரு கட்டம் போட்டு எழுதி வர வேண்டும். ஒரு பையனின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். அம்மாவின் கட்டங்களில் இடம் போதவில்லை. ஓரத்தில் அம்புக்குறி போட்டு எழுதியிருந்தான்: மாவு ஆட்டினார், நடுவில் பாப்பாவுக்கு ஊட்டினார், ரேஷன் அரிசி புடைத்தார். இரவு ஒன்பதரைக்கு, "அம்மா சாப்பிட்டார், நின்றுகொண்டே." அவனுக்கும் அப்பாவுக்கும் மதியம் மூன்றிலிருந்து ஐந்தரை வரை 'டிவி' என்று ஒரே கோடு. அந்த நோட்டை அவன் என்னிடம் நீட்டியபோது முகம் ஒரு மாதிரி இருந்தது. எழுதிய பிறகுதான் அவனுக்கே தெரிந்திருக்கிறது.

நாடு முழுக்க நிலைமை இதுதான். ஒன்றிய அரசு 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். 2019-இல் ஆண்களின் கணக்கு 97 நிமிடமாக இருந்தது, இப்போது அதுவும் குறைந்துவிட்டது. ஆறு வயது முதல் எல்லோரும் இந்தக் கணக்கில் வருகிறார்கள். அதாவது நம் பிள்ளைகளும்தான். குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது, அது தனிக் கணக்கு.

அப்பாக்கள் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. குவாரியிலும் சூளையிலும் நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் அம்மாக்களும் நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ போய்விட்டு வந்துதான் அடுப்பு மூட்டுகிறார்கள்.

பள்ளியிலும் தவறு இருந்தது. வகுப்பறை கூட்டுவதும் கோலம் போடுவதும் பெண் பிள்ளைகள், பெஞ்சு தூக்குவது பையன்கள் என்று நாங்களே வைத்திருந்தோம். ஜூன் முதல் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி எல்லோருக்கும் எல்லா வேலையும். முதல் வாரம் ஒரு பையன் காற்றுக்கு எதிராகப் பெருக்கி, தூசி முழுக்கத் தன் சட்டையிலேயே வாங்கிக்கொண்டான். பக்கத்தில் நின்ற பெண் விளக்குமாற்றை வாங்கி, அடியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிக் குச்சிகளைச் சமமாக்கி, குனிந்து எந்தப் பக்கமிருந்து வர வேண்டும் என்று காட்டினாள். இப்போது அவன் நன்றாகவே கூட்டுகிறான். சில அம்மாக்கள் என்னிடம் வந்து வருத்தப்பட்டார்கள், "என் பையன் கையில விளக்குமாறா?" என்று. அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் மகள் கையில் அதைப் பார்க்கும்போது நமக்கு ஏன் அப்படித் தோன்றுவதில்லை?

இந்த வழக்கம் பையன்களையும் விடுவதில்லை. படுக்கையில் இருக்கும் பாட்டிக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுத்து, துணி துவைத்துப் போடும் ஒரு மாணவன் நம்மிடம் இருக்கிறான். 'பொம்பள வேலை' என்று கூட்டாளிகள் கிண்டல் செய்ததில் அவன் இரண்டு நாள் பள்ளிக்கே வரவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய பிள்ளை ஒளித்து வைத்திருந்தான்.

இன்னொன்று. "அம்மாவுக்கு உதவி செய்தேன்" என்று பிள்ளைகள் கட்டுரையில் எழுதுகிறார்கள். உதவி என்றாலே வேலை அம்மாவுடையது என்று ஆகிவிடுகிறது. அவன் சாப்பிட்ட தட்டை அவன் கழுவுவது யாருக்கு உதவி? 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்துக்கு மகளிர் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தார்கள், உதவித் தொகை என்று வைக்கவில்லை. பெண்கள் வீட்டில் செய்யும் உழைப்புக்கான அங்கீகாரம் என்றுதான் அரசு அதைச் சொன்னது.

உங்களிடம் கேட்பது பெரிய விஷயமில்லை. வரும் திங்கள் முதல் மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள், தினமும் அவன் பொறுப்பில். தண்ணீர் பிடிப்பதோ, தம்பியைக் கொண்டுவிடுவதோ, சாதம் வடிப்பதோ. அப்பா செய்வதைப் பார்த்தால் சொல்லாமலே செய்வான். மகளுக்கு அந்த அரைமணி நேரம் படிக்கக் கிடைக்கும், பிரேயருக்கும் வந்துவிடுவாள்.

அடுத்த பெற்றோர் கூட்டம் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. அப்பாக்கள் வேலை முடிந்து வர வசதியாகத்தான் இந்த நேரம். கைக்குழந்தை இருந்தால் தூக்கிக்கொண்டே வாருங்கள். ஆறாம் வகுப்பு அறையில் பாய் விரித்து வைக்கிறோம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்