உணக்கப் போட்ட சட்டை

மாப்பிள்ளை,

பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை, தப்புதான். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விடுவதாயில்லை. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

இப்போது எழுதுவது ஒரு சொல்லுக்காக. நாகர்கோவிலிலிருந்து விடுதிக்கு வந்த புதிதில், காயப் போட்டதைச் சொல்ல "சட்டையை உணக்கப் போட்டிருக்கேன்" என்றாயே, அறையே சிரித்தது. முதலில் சிரித்தவன் நான். மூன்று வருடம் உனக்கு அதுவே பெயர். அது வள்ளுவர் எழுதிய சொல்லடா.

தொடிப்புழுதி கஃசா உணக்கின் பிடித்தெருவும்
வேண்டாது சாலப் படும்.

உழவு அதிகாரம், 1037. 'கஃசு' குற்றியலுகரத்துக்கு எடுத்துக்காட்டு என்று தமிழய்யா கரும்பலகையில் எழுதினார், அதோடு சரி. பலம் என்பது பழைய எடை அளவு; தொடி ஒரு பலம், கஃசு கால் பலம். ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி காயவிட்டால், பிடி எருகூட இல்லாமல் நன்றாக விளையும்.

சித்திரையில் மழை பெய்ததும் கோடை உழவு ஓட்டினேன். சாலிலிருந்து 100 கிராம் மண் எடுத்து மொட்டை மாடியில் தட்டில் பரப்பினேன். ஐந்து நாள் வெயிலுக்குப் பின் 82 கிராம். கால்வாசிக்கு இறங்க வழியே இல்லை, மண்ணில் அவ்வளவு ஈரம் ஏது? எடைக் கணக்கை விட, இனிக் காய ஒன்றுமில்லை என்னும்வரை உணக்கு என்கிறார் என்றே எனக்குப் படுகிறது.

வயலில் போய்ப் பார்த்தேன். புரண்ட கட்டிகளில் அருகம்புல் வேர் வெளுத்து நூலாகத் தொங்கியது. மைனாக்கள் கூட்டுப்புழுவைக் கொத்திக்கொண்டிருந்தன. இப்படிக் காய்ந்த மண்ணில் அடுத்த மழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் கிளம்பித் தழைச்சத்தை விடுவிக்கும். எரு வேண்டாம் என்றது வெறும் பேச்சில்லை.

அப்புறம் நற்றிணை 45. "நிணச் சுறா அறுத்த உணக்கல் வேண்டி, இனப்புள் ஓப்பும்" மீனவப் பெண் ஒருத்தி. காயப்போட்ட சுறாத் துண்டுக்காகப் பறவை விரட்டுகிறாள். வயலிலும் கடற்கரையிலும் ஒரே சொல். நாங்கள் தொலைத்துவிட்டோம், உங்கள் ஊர் வைத்திருக்கிறது. அன்று சிரித்ததை நினைத்தால் இப்போது மனம் கூசுகிறது, மாப்பிள்ளை.

ஒன்று மட்டும் உன் அம்மாவிடம் கேட்டு எழுது. துணி, மீன், நெல்லோடு சரியா, இல்லை உழுத வயலையும் உங்கள் பக்கம் 'உணக்க' விடுவார்களா?

உன்,
பழைய அறைக்காரன்