வரைந்த வரிகள்: மோரிஸ் மைனர் டிராவலர் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரித்தானியாவில் மோரிஸ் மைனர் டிராவலர் என்ற, பின்பாதி மரச்சட்டத்தில் அமைந்த பழைய காரை வைத்திருக்கும் அன்பர்களுக்கு, குறிப்பாக அதை விற்க நினைத்திருப்பவர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். இற்றுப்போன மரத்துக்குப் பட்டி பார்த்து, மேலே வார்னிஷ் அடித்து விற்காதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் 1967-ஆம் ஆண்டு டிராவலர் ஒன்றை வாங்கினேன். தேன் நிறத்தில் மின்னிய மரத்தைப் பார்த்ததுமே வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. முதல் குளிர்காலம் முடிவதற்குள் பின்கதவுகளில் ஒன்று சரியாக மூட மறுத்தது. கீல் தளர்ந்திருக்கும் என்று முடுக்கப் போனேன். ஸ்க்ரூ பிடிக்கவே இல்லை, சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையை மரத்தில் வைத்து மெல்ல அழுத்தினேன். பிடி வரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது நனைந்த தேயிலைச் சக்கை மாதிரி ஏதோ கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்த மூலையைச் சுரண்டியதும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டித் துண்டு பெயர்ந்து கையோடு வந்தது. அதன் மேல் யாரோ மெல்லிய தூரிகையால், பழுப்புச் சாயத்தில், மரத்தின் வரிகளை ஒவ்வொன்றாக வரைந்திருந்தார்கள். பக்கத்து மரத்தில் வரி எங்கே வளைகிறதோ, அதைத் தொட்டுத் தொடர்ந்து இதிலும் வளைந்திருந்தது. எவ்வளவு நேரம் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள்! அந்த நேரத்தில் ஒரு நல்ல மரத்துண்டை இழைத்துப் பொருத்தியிருக்கலாமே என்று நினைத்தபோது கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக வந்தது. அந்த மாதங்களில் எல்லாம் பின் இருக்கையில் என் மகள் உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

மரம் வெறும் அழகுக்குத்தானே என்று சொல்கிறவர்கள் உண்டு. மினி காரின் டிராவலர் வகையில் அது உண்மை. அங்கே உலோக உடம்பின் மேல் ஒட்டிவைத்த அலங்காரம்தான் அது. 1953 முதல் 1971 வரை வந்த மைனர் டிராவலர் அப்படியல்ல. முன்கதவுகளுக்குப் பின்னால் இருக்கும் கூட்டை ஆஷ் என்ற ஐரோப்பிய மரத்தால் ஆன சட்டமே தாங்குகிறது. அலுமினியக் கூரை, பக்கக் கண்ணாடிகள், பின்கதவுகள் எல்லாம் அதன் பொறுப்பு. வண்டியின் எலும்பு அது. எம்ஓடி என்ற, வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் ஆண்டுச் சோதனைக்குக் கொண்டுபோனால் மரம் இற்றிருப்பதற்காகவே வண்டியைத் திருப்பி அனுப்பலாம்.

ஆனால் 2018 மே முதல், பெரிய மாற்றம் எதுவும் செய்யாத 40 ஆண்டு கடந்த கார்களுக்கு அந்தச் சோதனை கட்டாயமில்லை. கடைசி டிராவலருக்கே ஐம்பது வயது தாண்டிவிட்டது. சலுகையைக் குறை சொல்லவில்லை. சோதனை இல்லை என்றாலும் ஓடத் தகுதியில்லாத வண்டியைச் சாலையில் எடுப்பது குற்றம்தான், அந்தப் பொறுப்பு ஓட்டுகிறவர் தலையில்தான் விழும். பட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாத ஒருவர் அதை எப்படிச் சுமப்பார்?

இரண்டு குளிர்காலம் கராஜில் அந்தச் சட்டத்தோடு வாழ்ந்தேன். ஆஷ் வளைந்து கொடுக்கும், அதிர்ச்சியைத் தாங்கும். சுத்தியல் பிடிக்கும் கோடரிப் பிடிக்கும் காலங்காலமாக அதைத் தேடிப் போனது அதனால்தான். ஆனால் ஈரத்தில் அதற்கு ஆயுள் மிகக் குறைவு. தள்ளு ஜன்னல் ஓடும் தடத்தில் தண்ணீர் நிற்கும், பாசி பிடிக்கும், பார்க்க அழகாகக்கூட இருக்கும். அந்தத் தண்ணீர் மெல்ல இறங்கி, கழுந்தும் துளையும் சேரும் மூட்டுகளில் போய்த் தங்கும். மரத்தைக் குறுக்கே வெட்டிய முனை உறிஞ்சுகுழல் மாதிரி அதைக் குடிக்கும். மேலே கண்ணாடி போல வார்னிஷ் அடித்திருந்தால் இன்னும் மோசம். மரம் பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்க, வார்னிஷில் மயிரிழைக் கீறல் விழும். உள்ளே போன ஈரத்துக்கு அப்புறம் வெளியே வர வழி கிடையாது.

ஒரு பக்கத்தைக் கழற்றும்போது மறுபக்கத்தைத் தொடவில்லை. கூரைக்கு முட்டுக் கொடுத்து, மூலைக்கு மூலை அளந்து, அளவுகளைத் தனியாக ஒரு மரக்கோலில் குறித்து வைத்துக்கொண்டேன். புதுச்சட்டத்தைப் பசை போடாமலே பூட்டி, கதவுகளை மாட்டி, பத்துத் தடவையாவது திறந்து மூடிப் பார்த்தேன். பசை போட்ட பிறகு கோணலைக் கண்டுபிடித்துப் பயனில்லை. வெட்டுமுனைகளுக்கும், பூட்டியபின் கண்ணில் படாத பக்கங்களுக்கும் முதலிலேயே மரக்காப்பு எண்ணெய் ஊட்டினேன். கடைசியில் அந்தப் பின்கதவு ஒரு விரல் தள்ளலில் வந்து மூடிய சத்தம் இருக்கிறதே, வீட்டுக்குள்ளிருந்த மகளுக்கே அது கேட்டு ஓடிவந்தாள்.

வீட்டிலேயே, பொறுமையாகச் செய்ய முடிகிற வேலைதான் இது. இடப்பக்கம் வலப்பக்கம் என்று ஆயத்தச் சட்டங்கள் செய்து தருகிறவர்கள் இன்னும் இந்த நாட்டில் இருக்கிறார்கள். மரத்துக்குத்தான் கெட்ட காலம்: 2012-இல் இங்கே கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் ஆஷ் மரங்கள் கூட்டங்கூட்டமாகக் காய்ந்து வருகின்றன.

செய்ய முடியாவிட்டாலும் பரவாயில்லை, அப்படியே விற்றுவிடுங்கள். மூலை இற்றிருக்கிறது என்று சொல்லியே விற்கலாம். விலை குறையும், ஆனால் வாங்குகிறவர் தெரிந்தே வாங்குவார். முடிந்தால் விற்கும் முன் நீங்களாகவே ஒரு எம்ஓடி எடுத்து, அந்தத் தாளைக் கையில் கொடுங்கள். வாங்க வந்தவர் ஸ்க்ரூடிரைவரால் சட்டத்தின் அடிப்பக்கத்தைக் குத்திப் பார்க்கலாமா என்று கேட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

என் காரின் முன்பெட்டியில் ஒரு உறை இருக்கிறது. சட்டத்தைக் கழற்றியபோதும் பூட்டியபோதும் எடுத்த படங்கள் அதில் இருக்கின்றன. வரி வரைந்த அந்தப் பட்டித் துண்டையும் தாளில் சுற்றி அதோடு வைத்திருக்கிறேன். இந்த வண்டி என்றைக்காவது வேறொருவர் கைக்குப் போனால் அந்த உறையும் சாவியோடு போகும்.

இப்படிக்கு,
உங்களைப் போல ஒரு டிராவலர் வைத்திருப்பவன்