பொங்கல் முதல் நத்தார் வரை கைகொடுத்தவர்களுக்கு

அன்பான அயலவர்களுக்கும், பாடசாலைப் பிள்ளைகளுக்கும், தூர தேசத்திலிருந்து பங்களித்த உறவுகளுக்கும்,

வணக்கம். தைப்பொங்கலில் தொடங்கி நத்தார் வரை, வன்னியிலுள்ள எங்கள் முதியோர் இல்லத்துக் கொண்டாட்டங்களுக்குத் தோள்கொடுத்த எல்லோருக்கும் நன்றி. பெயர் போட்டால் விடுபட்டவர் மனம் நோகும். ஆகவே செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம். எது தன் வேலை என்பது அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி பொங்கல் பானை வைத்த இளைஞர்களுக்கு. பானை பொங்க முதலே ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் இடியப்பம் கொடுத்துவிட வேண்டும் என்றபோது, "படைக்க முதல் சாப்பாடா?" என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. காரணம் இதுதான். சீனி வருத்தத்துக்குக் காலையில் ஊசி போடுபவர்களில் பலருக்கு, போட்டு அரை மணித்தியாலத்துக்குள் சாப்பாடு வயிற்றுக்குள் போக வேண்டும். தை மாதத்தில் விறகு மாரி ஈரம் விட்டுக் காய்ந்திருக்காது. 7 மணிக்குப் பொங்க வேண்டிய பானை 8.30 வரை புகைந்துகொண்டிருக்கும். அந்த இடைவெளியில் சீனி இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுத் தடுமாறும். "ஆச்சி கதிரையிலேயே நித்திரையாகிவிட்டா" என்று விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. விழித்திருந்து விழுங்கக்கூடியவர் என்றால் 3 தேக்கரண்டி குளுக்கோஸை அரைக் கோப்பை தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான். குளுக்கோஸ் டப்பாவையும் கரண்டியையும் பந்தல் காலில் கட்டித் தொங்கவிட்ட தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி. தேடி ஓட வேண்டிய இடத்தில் மருந்து இருந்தால் அது இல்லாத மாதிரித்தான்.

மார்கழியிலேயே விறகைக் கொட்டிலுக்குள் அடுக்கிவைத்த குடும்பத்துக்கும், அடுப்பைக் காற்றுப் பார்த்துக் கதிரைகளிலிருந்து விலக்கி மூட்டியவர்களுக்கும், புகை ஒத்துக்கொள்ளாத மூச்சிழுப்புக்காரர் எல்லோரும் கடன்பட்டிருக்கிறார்கள். பொங்கலும் பதமாக இருந்தது. பச்சையரிசி 1 கிலோ, வறுத்த பயறு 200 கிராம். வழக்கமாக மூன்று பங்கு விடுகிற தண்ணீரை ஐந்து பங்காக விட்டதில் பல்லில்லாதவர்களும் கரண்டியால் சாப்பிட்டார்கள். கஜுவையும் முந்திரிகை வற்றலையும் பானைக்குள் போடாமல் தனிக் கிண்ணத்தில் வைத்தது நல்ல யோசனை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: "சீனி போடவில்லை, பனங்கட்டிதானே" என்று இரண்டாம் தரம் பரிமாறாதீர்கள். இரத்தத்தில் பனங்கட்டியும் சீனிதான்.

ஆடிப்பிறப்புக் கூழ் காய்ச்ச வந்த அம்மாமாரே, உங்களிடம் நாங்கள் படித்தது அதிகம். நாற்பது சிறு கோப்பைக்கு வறுத்த அரிசிமா அரைக் கிலோ, பயறு கால் கிலோ, பனங்கட்டி அரைக் கிலோ, தேங்காய் மூன்று, மிளகும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி. கணக்குச் சரியாக வந்தது. ஆனால் மாவுருண்டையும் தேங்காய்ச் சொட்டும் மிதக்கிற கூழ், விழுங்கச் சிரமப்படுபவருக்குக் கூடாத சாப்பாடு. நீர் முந்தித் தொண்டைக்குள் ஓடிவிடும், கட்டி வாயில் நிற்கும், ஒன்று மூச்சுக் குழாய்க்குள் போகும். அதற்காகச் சிறிய சட்டியில் பயறை நன்றாக மசித்து, உருண்டையும் சொட்டும் இல்லாமல், கரண்டியிலிருந்து மெதுவாக விழுகிற தடிப்பில் தனியாகக் காய்ச்சினீர்கள். ஆறினால் இறுகும் என்று கொதிநீரை அருகில் வைத்திருந்தீர்கள். நிமிர்த்தி இருத்தி, தேக்கரண்டி தேக்கரண்டியாக ஊட்டி, குரல் கரகரத்தால் நிறுத்தி, முடிந்து அரை மணித்தியாலம் படுக்கவிடாமல் கதை கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளை மறக்க மாட்டோம். கதை கேட்பதும் பராமரிப்பு வேலைதான்.

தீபாவளிக்கு இந்த ஒழுங்கை முழுதும் வெடிச் சத்தமில்லாமல் இருந்தது. 2009 வரை இந்த மண்ணில் கேட்ட சத்தங்களைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. நினைவு மங்கியவர்களுக்குச் சத்தம் மட்டும் மங்குவதில்லை. ஒரு சீனவெடிக்குக் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுப்பவரை வெளியே எடுக்க ஒரு இரவு வேண்டும். பலூனும் அதே கதைதான், வெடித்தால் வெடிதான். அதனால் பலூனுக்குப் பதிலாகத் தென்னங்குருத்துத் தோரணம் பின்னித் தந்தீர்கள். ஒலிபெருக்கிக்காரத் தம்பி பெட்டிகளை மதிலை நோக்கித் திருப்பி வைத்தார். காதுக்கருவி போட்டவருக்குப் பாட்டும் இரைச்சலும் சேர்ந்து பெருகும் என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ!

கார்த்திகை விளக்கீட்டுக்கு வாழைக்குற்றிகளை இடுப்பளவு உயரத்தில் நட்டு, சிரட்டையில் விளக்கு வைத்தது பழைய முறை. எங்களுக்கு அதுவே பாதுகாப்பான முறை. நிலத்தில் அகல் வைத்தால் குனியும்போது சேலைத் தலைப்பில் பற்றும். ஈர முற்றத்தில் சாக்கு விரித்ததும் நல்லது, ஆனால் ஓரம் மடங்கினால் கால் தடக்கும். அடுத்த முறை மணல் பரப்புவோம்.

விளையாட்டில் சங்கீதக் கதிரையையும் கண்கட்டி முட்டி உடைப்பதையும் கைவிட்டதற்கு நன்றி. பிரஷர் குளிசை போடுபவர் சட்டென்று எழும்பினால் தலை சுற்றும், கண்ணைக் கட்டினால் மறதி நோய்க்காரர் பயந்துபோவார். தாயம்தான் பிடித்துப்போனது. சீமெந்து நிலத்தில் இருந்து விளையாட முடியாதென்று மேசைப் பலகையில் கரியால் உள்ளங்கை அகலத்தில் கட்டம் போட்டதும், விரலுக்குள் நிற்காத புளியங்கொட்டைக்குப் பதிலாகச் சோடாப் போத்தல் மூடிகளைச் சிவப்பும் வெள்ளையுமாகப் பூசித் தந்ததும் உயர்தர வகுப்புப் பிள்ளைகள். அந்த மூடிகள் இப்போது தினமும் உருளுகின்றன. அளாப்பலும் தினமும் நடக்கிறது. கை வைத்த பிளாஸ்ரிக் கதிரைகளை இரண்டிரண்டாகச் செருகி உயர்த்தி, முதுகு சுவரில் முட்ட வைத்தவர்களால் எழும்பும்போது ஒருவரும் வழுக்கவில்லை.

நிகழ்ச்சியை 45 நிமிடத்தில் முடித்ததற்கும் நன்றி. காலையில் நீர்க்குளிசை (அடிக்கடி சலம் போகவைக்கிற குளிசை) எடுத்தவர்களுக்கு அதற்கு மேல் பேச்சுக் கேட்க உடம்பு இடம் கொடுக்காது. உரையாற்ற வந்து, உரையாற்றாமல் வாழைப்பழம் உரித்துக் கொடுத்துவிட்டுப் போன பெரியவருக்கு விசேட வணக்கம். கரோல் குழுவினர் இரவு ஒன்பது மணிக்கு வராமல் பின்னேரம் நான்கு மணிக்கு வந்தார்கள். இருட்டினால் குழம்புகிறவர்களும் சேர்ந்து பாடினார்கள். கைத்தொலைபேசியைப் பைக்குள்ளேயே வைத்திருந்தவர்களையும் கவனித்தோம். சாப்பாட்டுப் பொதியைக் கையில் பிடித்தபடி படத்துக்கு நிற்பது எங்கள் அப்புமாருக்குப் பிடிப்பதில்லை.

நினைவுநாள் மதியச் சாப்பாடு தருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரே நாளில் இரண்டு குடும்பம் பாயாசத்தோடு வந்துவிடுகிறது, மாசி முழுவதும் ஒருவரும் வருவதில்லை. அலுவலகச் சுவரில் கலண்டர் தொங்குகிறது. ஒரு கிழமைக்கு முன்பு கேட்டுவிட்டு நாளைக் குறியுங்கள். மாசியிலும் ஐப்பசியிலும் இடம் தாராளமாக உண்டு. சாப்பாடு கொண்டுவரத்தான் வேண்டுமென்றில்லை, நகம் வெட்டிவிடவும் தாயம் ஆடவும் ஆள் போதாது.

கடைசியாக, கூழ் காய்ச்சிய பெரிய கிடாரமும், பிடியில் நீல நூல் சுற்றிய அகப்பையும் இன்னும் எங்கள் குசினியில் இருக்கின்றன. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளவும். தைப்பொங்கலுக்குப் பிறகு வந்தாலும் பரவாயில்லை, கிடாரம் அதுவரைக்கும் எங்களுக்குத் தேவைப்படும்.

நன்றியுடன்,
இல்லத்துப் பராமரிப்பாளர்கள்