ஜாஸும் வாடகையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தேவாலயம், கார் பார்க்கிங், பழைய தொழிற்சாலை என்று எதிர்பாராத இடங்களில் நடக்கும் ஜாஸ் கச்சேரிகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். படங்களும் அருமை. ஆனால் கட்டுரை முழுக்க இதை ஏதோ புது ஃபேஷன் போலச் சொல்லியிருப்பது உறுத்துகிறது. ஜாஸ் கலைஞர்கள் பல காலமாக இப்படிப்பட்ட இடங்களில் வாசித்துவருகிறார்கள். அதுவும் பெரும்பாலும் வேறு போக்கிடம் இல்லாமல்தான்.

சாக்ஸபோன் கலைஞர் சன்னி ராலின்ஸ் 1959இல், நல்ல புகழோடு இருந்தபோதே, மேடையை விட்டு விலகினார். வீட்டில் வாசித்தால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு என்று நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் போய் நின்று சாதகம் செய்தார். அதே நகரத்தில், கேபரே உரிமம் (இசை, நடனம் நடத்த நகர நிர்வாகம் தரும் அனுமதி) இல்லாத பார்களில் டிரம்ஸும் ஊதுகருவிகளும் கூடாது, மூன்று பேருக்கு மேல் வாசிக்கக் கூடாது என்ற விதிகள் 1980களின் பிற்பகுதி வரை இருந்தன. டிரம்ஸும் டிரம்பெட்டும் இல்லாமல் என்ன ஜாஸ்? 1970களில் ஜாஸ் கலைஞர் சாம் ரிவர்ஸும் அவர் மனைவி பியாவும் நியூயார்க்கின் கீழ் மன்ஹாட்டனில் 'ஸ்டுடியோ ரிவ்பியா' என்ற கச்சேரி இடத்தை நடத்தியதற்கும் காரணம் இதே இடப் பிரச்சினைதான். அங்கே வாசிக்கப்பட்ட கட்டற்ற ஜாஸுக்கு (வழக்கமான தாள, ராகக் கட்டுப்பாடு இல்லாத ஜாஸ்) கிளப்புகளில் வரவேற்பில்லை. தொழிற்சாலைகள் காலிசெய்துவிட்டுப்போன இடங்களோ மலிவாகக் கிடைத்தன. வாடகை ஏறியதும் அவையும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின.

இடம் மாறினால் இசையும் மாறும் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. எனக்கு அதுதான் பெரிய ஏமாற்றம். கல் சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள தேவாலயத்தில் ஒரு ஸ்வரத்தை வாசித்து நிறுத்திய பிறகும் சில விநாடிகள் அது அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். வேகமாக வாசித்தால் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும். அதனால் டிரம்மர் குச்சியை வைத்துவிட்டு பிரஷ்ஷை எடுப்பார், சுள்ளென்று ஒலிக்கும் ஸ்நேர் டிரம் மேல் ஒரு துணியைப் போடுவார். சாக்ஸபோன்காரர் ஒரு நீண்ட ஸ்வரத்தைப் பிடித்து, எதிரொலி அடங்கக் காத்திருந்து, அப்புறம்தான் அடுத்ததை எடுப்பார். மனோதர்மத்தை நம்பி நடக்கும் இசை என்பதால் இந்த முடிவெல்லாம் வாசிக்கும்போதே எடுக்கப்படுவது. சில சமயம் வாத்தியத்தையே இடம்தான் தீர்மானிக்கிறது. ஜான் பாட்டிஸ்ட் அடிப்படையில் பியானோ கலைஞர். சுரங்க ரயிலுக்குள் பியானோவைக் கொண்டுபோக முடியுமா? வாயால் ஊதிக்கொண்டே விரலால் வாசிக்கும் மெலோடிகாவை எடுத்துக்கொண்டு, தன் குழுவோடு பயணிகளுக்கு நடுவே நின்று வாசித்தார். அப்படி ஓடும் ரயிலில் பதிவானதை 2011இல் ஆல்பமாகவும் வெளியிட்டார்.

சரி, இப்போதைய நிலைமை? லண்டனில் 'டோட்டல் ரிஃப்ரெஷ்மென்ட் சென்டர்' என்ற இசைக்கூடம் ஒரு காலத்தில் மிட்டாய்த் தொழிற்சாலை. இன்று உலகமெங்கும் பேசப்படும் லண்டன் ஜாஸ் தலைமுறை வளர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று. சிகாகோவைச் சேர்ந்த டிரம்மர் மகாயா மெக்ரேவன் தன் 2018 ஆல்பத்தின் ஒரு பகுதியை அங்கேதான் பதிவுசெய்தார். அதே 2018இல் அங்கே இரவுக் கச்சேரிகள் நிறுத்தப்பட்டன. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2023இல், லண்டனின் எஸ்ரா கலெக்டிவ் குழு, பிரிட்டனில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்க்குரி பரிசை வாங்கியது. ஜாஸ் குழு ஒன்று அந்தப் பரிசை வாங்கியது அதுதான் முதல் முறை. பரிசு வரும்போது எல்லோரும் கைதட்டுகிறோம். இவர்கள் வாசித்துப் பழகிய இடங்களைப் பூட்டும்போது மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது கலைஞர்களிடமும் இடத்தை நடத்துபவர்களிடமும் தயவுசெய்து சில கேள்விகளைக் கேளுங்கள். வாடகையை யார் கட்டுகிறார்கள்? வாசிப்பவருக்குப் பேசிய தொகை வருகிறதா, டிக்கெட் விற்றால்தான் பங்கா? எத்தனை மணிக்கு நிறுத்தச் சொல்கிறார்கள், புகார் வந்தால் என்ன ஆகும்? படங்களுக்கு நான்கு பக்கம் ஒதுக்க முடிந்தால் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்