வெள்ளைத் தாளில் சுற்றித் தந்தவருக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

மார்ச்சில் நெப்ராஸ்காவில் வெள்ளம் வந்தபோது என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் அந்த இரவுகளில் எங்களோடு போனில் விழித்திருந்தவர்கள். அதனால் எல்க்ஹார்ன் ஆறு எப்படி வந்தது, வீட்டுக்குள் எத்தனை அடி நின்றது என்பதையெல்லாம் மறுபடி எழுதப்போவதில்லை. அத்தை நலமாக இருக்கிறார். வீட்டுச் சுவர்கள் நிற்கின்றன. நேற்று மாலை, 1936-இல் எடுத்த ஒரு படம் எங்கள் சமையலறை மேசையில் காய்ந்து, சுருளாமல், முகங்கள் தெளிவாகக் கிடந்தது. அதைப் பார்த்த பிறகு, அதைக் காப்பாற்றித் தந்தவர்களுக்கு நன்றி சொல்லும் இந்தக் கடிதத்தைத் தள்ளிப்போட மனம் வரவில்லை.

அத்தை என்று நான் சொல்வது என் கணவரின் அம்மாவை. ஜெர்மனியிலிருந்து நெப்ராஸ்காவுக்கு வந்து நிலம் திருத்திய குடும்பம் அவருடையது. பிறந்ததும் வளர்ந்ததும் அந்தப் பண்ணையில்தான். கல்யாணமான புதிதில் நான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தேன். இப்போது எனக்குப் பிறந்தநாள் அட்டை அனுப்பும்போது அவரே 'அத்தை' என்று தமிழில் கையெழுத்துப் போடுகிறார்.

மூன்றாம் நாள்தான் வீட்டுக்குள் போக முடிந்தது. நிலவறைப் படியில் மூன்று பெட்டிகள் மிதந்து ஒதுங்கியிருந்தன. ஐந்து தலைமுறைப் படங்கள். ஆல்பங்களைத் தூக்கினால் செங்கல் கனம், ஓரமெல்லாம் வண்டல். அத்தை அழவில்லை. ஒரு பெட்டியின் மூடியைக் கையால் துடைத்துவிட்டு, "பரவாயில்லை, நான் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன்" என்றார். அதைக் கேட்டு நான்தான் உடைந்துபோனேன்.

நனைந்த ஆல்பத்தின் வாசனை எனக்கு முன்பே தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில், சென்னையை அடுத்த முடிச்சூரில் என் அம்மாவின் கல்யாண ஆல்பம் இதே மாதிரி நனைந்தது. மொட்டை மாடியில் வெயிலில் பரப்பினோம். அதுதான் சரி என்று நினைத்தோம். மாலைக்குள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு பலகையாகிவிட்டது. பிரித்தபோது அம்மாவின் முகம் அடுத்த பக்கத்தோடு போய்விட்டது.

அதனால் இந்த முறை யாரையும் எதையும் தொடவிடாமல், ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கும் தோழிக்குப் போன் செய்தேன். "காயவைக்காதே, உறையவை" என்றாள். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் உப்பி, காயும்போது எது மேலே இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு நாள் ஈரமாக இருந்தாலே பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும். நாங்கள் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டோம். ஆனால் வந்தது பனிக்கட்டிப் பாளங்களோடு வந்த தண்ணீர். அந்தக் குளிர்தான் பூஞ்சையைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தது. உடனே உறையவைத்துவிட்டால் அப்புறம் மாதக்கணக்கில் பொறுமையாகப் பார்த்துக்கொள்ளலாம். தகரத் தகட்டில் எடுத்த பழைய படங்களை மட்டும் உறையவைக்கக் கூடாது, அவற்றைத் தனியே எடுத்து நிழலில் காயவிடு என்றும் சொன்னாள்.

சரி, மூன்று பெட்டியை எங்கே உறையவைப்பது? பண்ணையில் மின்சாரம் இல்லை. எங்கள் வீட்டு ஃப்ரீசரில் இரண்டு ஆல்பம் கொள்ளும். அப்போது அத்தை சொன்னார்: "லாக்கருக்குப் போகலாம்."

இந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் மீட் லாக்கர் என்று ஒன்று இருக்கும். விவசாயிகள் தங்கள் மாட்டையோ பன்றியையோ கொண்டுபோய்க் கொடுத்தால், வெட்டி, பொட்டலம் கட்டி, உறையவைத்துத் தருவார்கள். வீட்டில் ஃப்ரீசர் இல்லாத 1940-களில் ஒவ்வொரு குடும்பமும் அங்கே ஓர் அறைப்பெட்டியை வாடகைக்கு எடுத்து, ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டியதைச் சாவி போட்டுத் திறந்து எடுத்து வருமாம். அத்தையின் அம்மாவுக்கும் அங்கே ஒரு பெட்டி இருந்திருக்கிறது. நான் சைவம். பத்து வருடமாக அந்த வழியே போகிறேன், அந்தப் படியை மிதித்ததில்லை.

கடை மூடும் நேரம். ரப்பர் ஏப்ரன் கட்டிய ஓர் அம்மா, அறுபது வயதிருக்கும், வெளியே வந்து வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். நான் ஒரு பெரிய விளக்கத்தோடு தயாராக இருந்தேன். உணவு வைக்கும் இடம், ஆற்றுச் சேறு, முடியாது என்றுதான் சொல்வார் என்று நினைத்திருந்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "யார் வீட்டுப் படம்?" அத்தை தன் அப்பாவின் பெயரைச் சொன்னார். அந்த அம்மா உள்ளே போய் விளக்குகளை மறுபடி போட்டார்.

பின்பக்கம் மான் இறைச்சிக்கென்று தனியாக ஓர் உறைவறை. வேட்டைக்காலம் எப்போதோ முடிந்து எல்லோரும் அவரவர் பங்கை எடுத்துப் போயிருந்தார்கள். அது காலி. "நவம்பர் வரைக்கும் இது எனக்குத் தேவையில்லை" என்றார். நான் பெட்டிகளை அப்படியே உள்ளே தள்ளிவிட்டுப் போகத்தான் நினைத்தேன். அவர் விடவில்லை. மொத்தமாக உறைந்தால் அப்புறம் மொத்தமாகத்தான் உருகும், ஒரு நாளைக்கு எவ்வளவு வேலை செய்ய முடியுமோ அவ்வளவாகப் பிரிக்க வேண்டும் என்றார். இறைச்சி சுற்றும் வெள்ளைத் தாளை உருளையிலிருந்து இழுத்தார். ஒரு பக்கம் வழவழப்பாக இருக்கும் தாள். அந்தப் பக்கம் உள்ளே வரும்படி ஒவ்வோர் ஆல்பத்தையும், ஒவ்வொரு படக்கட்டையும் சுற்றி, மூலை மடித்து, டேப் ஒட்டினார். பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றும் கை அது. இரவு பத்தரை மணி வரை நின்றார். மொத்தம் 41 பொட்டலங்கள்.

ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் எழுதவும் செய்தார். வழக்கமாக எந்தப் பாகம், எத்தனை பவுண்டு என்று எழுதும் இடத்தில், மேலே தெரிந்த படத்தில் என்ன இருக்கிறதோ அதை எழுதினார். 'கல்யாணம், பெரிய தொப்பி.' 'சிவப்பு ட்ராக்டர், பையன்கள்.' 'ஏழு பேர், ஒரு நாய்.' 'பனி. யாரென்று தெரியவில்லை.' கடைசியில் ஒரு ரப்பர் முத்திரையை எடுத்து ஒவ்வொன்றிலும் அழுத்தினார்: விற்பனைக்கல்ல. சொந்தக்காரர் தன் வீட்டுக்கென்று வெட்டக் கொடுத்த இறைச்சியில் சட்டப்படி குத்த வேண்டிய முத்திரை அது. பணம் என்று நான் வாயெடுத்ததும் கையை உதறினார். "உங்கள் பாட்டியின் பெட்டி அந்தச் சுவரோரம்தான் இருந்திருக்கும்" என்று மட்டும் என் கணவரிடம் சொன்னார்.

லாக்கர் அம்மா, உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அடுத்த வாரம் வரும்போது இதை வரி வரியாகச் சொல்லிக் காட்டுகிறேன். அன்றிரவு நீங்கள் அந்த விளக்குகளை மறுபடி போட்டதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

ஏப்ரலிலிருந்து சனிக்கிழமைதோறும் இரண்டு மூன்று பொட்டலங்கள். உருகவிட்டு, குளிர்ந்த நீரில் அலசி, பிரித்து, முகம் மேலே பார்க்க உறிஞ்சுதாளில் பரப்புகிறோம். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பிழைத்துக்கொண்டன. கறுப்புத் தாள் பக்கத்தில் நான்கு மூலைக்கும் முக்கோணம் ஒட்டிச் செருகியவை கழன்று வருகின்றன. போனது 1970-களின் வண்ணப் படங்கள்தான். பசை தடவிய பக்கத்தில் பிளாஸ்டிக் மூடிய ஆல்பங்களில் இருந்தவை. என் கணவரின் குழந்தைப் பருவத்தில் பாதி ஆரஞ்சும் நீலமுமாகக் கரைந்துவிட்டது. அந்த இழப்பு வலிக்கிறது.

அத்தை ஒவ்வொரு சனிக்கிழமையும் பேசுகிறார். நிலவறையில் இல்லாமல் வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருந்ததால் தப்பிய ஒரு படம் உண்டு: விமானத்திலிருந்து எடுத்து வண்ணம் தீட்டிய பண்ணைப் படம். 1950, 60-களில் இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு வந்து விற்றிருக்கிறார்கள். சொல்லாமலே மேலிருந்து எடுத்துவிட்டு, அப்புறம் கதவைத் தட்டுவார்களாம். அதில் கொடியில் துணி காய்கிறது. "அப்படியானால் அது திங்கட்கிழமை" என்கிறார் அத்தை. திங்களன்றுதான் துவைப்பது. களஞ்சியம், காற்றாலை, கோழிக்கூண்டு, இப்போது இல்லாத ஆப்பிள் தோட்டம், எல்லாவற்றையும் விரலால் தொட்டுக் காட்டுகிறார்.

நான் அந்தக் காலத்தை ஏக்கத்தோடுதான் பார்த்தேன். பூக்கள் அச்சிட்ட உடுப்புகள், வேலியில் சாய்ந்த சகோதரர்கள், தேவாலய விருந்தின் நீள மேசை. அத்தைதான் ஒருநாள் நிதானமாகச் சொன்னார்: "வெயிலடித்த ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் எங்கள் வீட்டில் கேமராவை எடுப்பார்கள்." நேற்றுக் காய்ந்த 1936 படத்தில் ஒரு குழந்தையின் முன் கேக் இருக்கிறது. அதே வருடத்தில்தான் ஓக்லஹோமாவின் சிமரான் வட்டத்தில், புழுதிப்புயலில் தகப்பனும் இரண்டு பையன்களும் ஒதுங்க ஓடும் அந்தப் புகழ்பெற்ற படத்தை ஆர்தர் ரோத்ஸ்டீன் அரசாங்கத்துக்காக எடுத்தார். புழுதி இவர்கள் வீட்டையும் விடவில்லை, ஜன்னல்களில் ஈரத்துணி தொங்கவிட்டிருந்தார்களாம். அது எந்த ஆல்பத்திலும் இல்லை. 1935-இல் இந்த நாட்டில் 68 லட்சம் பண்ணைகள் இருந்தன, இப்போது சுமார் 19 லட்சம். நடுவில் பண்ணையை விட்டுப் போனவர்களைப் பற்றி ஆல்பங்களில் தேடினால் கிடைக்காது. எங்கள் பெட்டியில் ஒரே ஒரு படம் இருந்தது. 'பிக்கப்புகள், நிறைய' என்று எழுதியிருந்த பொட்டலத்தில். சரளைச் சாலையோரம் வரிசையாக வண்டிகள், ஆள் ஒருவர்கூட இல்லை. அத்தை அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். 1985-இல் அவர் அப்பாவின் கருவிகளும் கால்பங்கு நிலமும் ஏலம்போன காலை அது. ஏலத்தைப் படமெடுக்க யாருக்கும் மனம் வராமல், வந்த வண்டிகளை மட்டும் யாரோ எடுத்திருக்கிறார்கள். எனக்கு இப்போது மற்ற எல்லாப் படங்களையும்விட அது பெரிதாகத் தெரிகிறது.

மற்றவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்கிறேன், குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். படகோடு வந்த பக்கத்துப் பண்ணைப் பையன்கள், பக்கத்து ஊரான ஃப்ரீமான்ட் வெள்ளத்தில் தீவாகிக் கிடந்தபோது காசு வாங்காமல் சிறு விமானங்களில் ஆட்களை ஏற்றி இறக்கியவர்கள், வேறு மாநிலங்களிலிருந்து லாரி லாரியாக வைக்கோல் அனுப்பிய முன்பின் தெரியாத விவசாயிகள், கேட்காமலே சாப்பாடு கொண்டுவந்து வைத்த தேவாலயத்துப் பெண்கள், பின்னிரவிலும் போனை எடுத்த காப்பகத் தோழி, ஒரு அண்டா சாம்பார் சாதத்தோடு வந்து இரண்டு நாள் சேறு அள்ளிய ஓமாஹா தமிழ் நண்பர்கள், அவர்களோடு வந்து எங்கள் கராஜில் படம் பரப்பிய பிள்ளைகள். எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

படங்கள் பிழைத்தும் பாதி முகங்களுக்குப் பெயர் இல்லை. பின்பக்கம் வெறுமை. அத்தைக்கு 81 வயது. இனி ஞாயிறு மதியம் எனக்கு வேறு வேலை கிடையாது. அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு படத்தின் பின்னும் மென்மையான பென்சிலால் எழுதப்போகிறேன். தொடங்கியும்விட்டேன். 'ஏழு பேர், ஒரு நாய்' படத்தில் அத்தை முதலில் சொன்னது நாயின் பெயரைத்தான்.

இன்னும் ஆறு பொட்டலங்கள் லாக்கரில் இருக்கின்றன. வரும் சனிக்கிழமை இரண்டை எடுக்கிறோம். அதில் ஒன்று 'பனி. யாரென்று தெரியவில்லை.' மேசைகள் போட்டாயிற்று, உறிஞ்சுதாள் இருக்கிறது. முடிந்தவர்கள் காலை ஒன்பதுக்கு வாருங்கள். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.